பதினான்காவது படம்

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். சிவகாசியில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை பாஸ்வேர்டு கேட்கத்தான் கூப்பிடுவார்கள்.

"சார், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனிக்கு நீங்க எழுதுன கேட் சாஃப்ட்வேர புதுசா மாத்தி எழுதச் சொல்றாக. அதுல படம் சுத்துற கரோசல் கம்போனென்ட் இருக்குல்ல, அத நீங்கதான் செலக்ட் பண்ணீகளாம். ஏன் அத எடுத்தீகன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பிச்சீகன்னா ஃபைல்ல வச்சுக்கிருவோம்."

"நல்லா சுத்துச்சும்மா, அதான் எடுத்தோம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "என்ன, முகம் இப்படிப் போச்சு?" என்றாள். ஒரு பக்கத்தில் எழுதி முடிகிற விஷயம் இல்லை அது. கம்பெனி ஃபைலில் வைக்கிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமோ. பதினாலு வருடம் அச்சகத்தில் இருந்தேன், அதில் கடைசி நாலு வருடம் காலண்டர் படங்களையும் பட்டாசு லேபிள்களையும் கம்ப்யூட்டரில் ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு புத்தகம் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு இந்தக் கம்பெனிக்கு வந்தேன். விருதுநகரில் வீடு, சிவகாசியில் வேலை, நடுவில் பஸ். சாஃப்ட்வேர் என்றதும் சென்னையையும் கண்ணாடிக் கட்டிடத்தையும் நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஆபீஸ் ஒரு பேப்பர் குடோனின் மாடி. அச்சகங்களுக்கு பில் போடவும், பட்டாசு கம்பெனிகளுக்கு ஸ்டாக் பார்க்கவும், வேலையாட்களுக்கு வருகைப் பதிவு போடவும் கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம்கள் எழுதினோம். எல்லாம் அந்தந்த இடத்து மெஷினிலேயே ஓடுபவை. இன்டர்நெட் இருக்காது, இருந்தாலும் மழைக்கு நின்றுவிடும்.

எங்கள் முதலாளி, மேனேஜர், எல்லாமே வைரமணி சார் ஒருவர்தான். அவரை யாரும் குறை சொல்ல முடியாது, அப்படி ஒரு தன்மை. குரலை உயர்த்த மாட்டார். நாம் எழுதியதைக் காட்டக் கூப்பிட்டால் மெஷின் பக்கத்தில் வரவே மாட்டார். வாசல்படியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓடுதா?" என்பார். ஓடுகிறது என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு பிரச்சினை இருக்கிறது என்று சொன்னால் முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "நீங்களே முடிவு பண்ணுங்க" என்பார். அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், பழி மட்டும் நம்முடையது என்று அதற்கு அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. புரிந்த பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

ஒன்பது பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பட்டாசு கம்பெனியின் சின்ன முதலாளி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அப்பா காலத்துக் கம்பெனியை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். நாற்பது வயது, நல்ல பேச்சு.

"அண்ணாச்சி, காலைல கேட்டுல பொம்பளையாளுக கைரேகை வச்சு உள்ள போறாகல்ல. அந்த நேரத்துல பாதுகாப்புப் படம் ஓடணும். எந்த ஆளுக்கு எந்தப் படம் காட்டுனோம்னு பதிவும் இருக்கணும். நாளைக்கு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலன்னு சொல்லிறக் கூடாது" என்றார்.

நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். இப்போதும் அந்த யோசனையில் தப்பு சொல்ல மாட்டேன். படங்கள் பதின்மூன்று இருந்தன. அவர்கள் கம்பெனியில் லேபிள் வரைகிறவர் வரைந்தவை. இரும்புச் சாமான் கொண்டுபோகாதே, நைலான் சேலை கட்டாதே, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காராதே, வாசலை அடைத்து எதையும் வைக்காதே, இந்த மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

படங்களை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திக் காட்டும் கரோசல் கம்போனென்ட் என்ற புரோகிராம் துண்டை நாமே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எது நமக்கு ஒத்துவரும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. அதை நான் என் வழியில் செய்வேன். சோதனைக்கு அந்தக் கம்பெனி கேட்டில் கிடந்த பழைய மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தேன். ஆபீஸ் மெஷினில் எல்லாமே அழகாக ஓடும், அதை நம்பி ஏமாந்தவன் நான். படங்களைப் பெரிய சைஸில் போட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டு, திரும்பி வந்து மெமரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவேன். திரும்பப் போட்டால் எந்தப் படத்தில் நிற்கிறது, பதிவு பிழைத்ததா என்று பார்ப்பேன். பார்த்ததை எல்லாம் நீல அட்டை நோட்டில் எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அச்சகத்தில் மெஷின்காரர்கள் எந்த மையை எவ்வளவு கலந்தோம் என்று எழுதிவைப்பதைப் பார்த்துப் பழகியது.

மூன்று கம்போனென்ட்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று அரை மணி நேரத்தில் மெஷினையே படுக்கவைத்தது. அதை அன்றைக்கே கழித்துவிட்டேன். இரண்டாவது ரொம்பச் சாதாரணம். ஒரு படம் வலது பக்கமிருந்து வரும், நடுவில் நிற்கும், இடது பக்கம் போகும். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் படம் நடுவில் வந்து நின்ற பிறகுதான் 'இந்தப் படம் காட்டப்பட்டது' என்று நம் புரோகிராமுக்குச் சொல்லும். நாம் விடுகிற வரைக்கும் அடுத்த படம் வராமல் பிடித்து வைக்கவும் முடியும்.

மூன்றாவது, ராட்டினம். எல்லாப் படங்களும் ஒரு வட்டத்தில் நின்று சுற்றும். முன்னால் வருவது பெரிதாகத் தெரியும். பின்னால் இருப்பவை சிறிதாக, சாய்வாக, மங்கலாகத் தெரியும். கீழே தண்ணீரில் விழுந்த மாதிரி நிழல் வேறு. பார்க்க அவ்வளவு அழகு. முதல் தடவை ஓடவிட்டபோது டீ கொண்டுவந்த அம்மாகூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது. சுற்ற ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் படங்களையும் மொத்தமாக வட்டத்தில் ஏற்றிவிடும். ஏற்றும்போதே ஒவ்வொரு படத்துக்கும் 'காட்டப்பட்டது' என்று நம் புரோகிராமுக்குத் தகவல் கொடுத்துவிடும். எந்தப் படம் முன்னால் வந்தது என்று அது சொல்லவே சொல்லாது. நான் அந்தத் தகவலை வைத்துப் பதிவு எழுதினால், படம் வட்டத்தில் ஏறியதுதான் பதிவாகுமே தவிர, யாரும் பார்த்தது பதிவாகாது.

ஆபீஸில் நாலு பேரை வரிசையில் நிறுத்தி, ஒரு அறைக்குப் போகும் நாலு பெண்கள் மாதிரி கைரேகை வைக்கச் சொன்னேன். நாலு பேரும் வைத்து முடிக்க இருபத்தைந்து விநாடி. கடைசி ஆள் வைத்ததும் திரை அடுத்த நாலு பேருக்கு மாறி, படம் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். நோட்டில் எழுதினேன்: 'முன்னால் வந்தது எட்டுப் படம். பதிவில் ஏறியது பதின்மூன்று.' அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வைரமணி சாரிடம் சொன்னேன். அன்றைக்குச் சின்ன முதலாளியும் இருந்தார். இரண்டாவது கம்போனென்ட்டையும் ஓட்டிக் காட்டி, ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி, பச்சை பட்டனை அமுக்கினால் அடுத்த படம் என்று வைக்கலாம், நாலு பேருக்கு இரண்டு நிமிடம் ஆகும் என்றேன்.

சின்ன முதலாளி சிரித்தார். "அண்ணாச்சி, நாப்பது ரூமு. ரூமுக்கு ரெண்டு நிமிசம்னா எம்புட்டு நேரம் ஆச்சு? கேட்டுலயே பொங்கல் வச்சுச் சாப்பிட்டுட்டுத்தான் உள்ள போகணும். அந்த ராட்டினத்தையே போடுங்க. சேல்ஸ் ஆபீஸுலயும் சரக்குப் படம் காட்ட அதே ஆகும். வார பார்ட்டிக வாயப் பொளந்து பாப்பாக."

"அதுல பின்னாடி படம் முன்னாடி வராமலே பதிவு ஆயிருதுங்க" என்றேன்.

வைரமணி சார் வாசல்படியில் நின்றபடியே கேட்டார். "பின்னால நிக்கிற படமும் கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது சார். சின்னதா, சாஞ்சு தெரியுது."

"தெரியுதுல்ல. அப்பக் காட்டுனதாத்தான அர்த்தம்? நீங்களே முடிவு பண்ணுங்க."

நானே முடிவு செய்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அந்த ராட்டினத்தை வைத்துக்கொண்டே சரியாகச் செய்திருக்கலாம். எந்தப் படம் எத்தனை விநாடி முன்னால் நின்றது என்று தனியாக எண்ணுகிற ஒரு துண்டு புரோகிராம் நானே எழுதியிருக்க முடியும். இரண்டு நாள் வேலை. அப்போது தீபாவளி சீசன், எல்லாக் கம்பெனியிலும் பில் புரோகிராம் திணறிக்கொண்டிருந்தது. சீசன் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். சீசன் முடிந்தது. கேட்டில் படம் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன். வேலை தெரியாதவன் செய்கிற தப்புக்கு மன்னிப்பு உண்டு. எனக்கு வேலை தெரியும்.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் அந்தக் கம்பெனி ஆபீஸில் இருந்து கூப்பிட்டு, இன்னும் ஒரு படம் சேர்க்க வேண்டும் என்றார்கள். படம் வந்தது. ஒரு பேசினில் மூடி போட்ட மருந்து. மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற கலவை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூடியைத் திறக்கப் போகிற ஒரு கை, மேலே சிவப்பில் பெருக்கல் குறி, ஓரத்தில் ஃபோர்மேனைக் கூப்பிடுகிற பெண். முதல் நாள் மிஞ்சிய மருந்தைத் தொடாதே என்பது விஷயம். ராத்திரி ஈரம் பட்டு அது உள்ளுக்குள்ளே சூடேறி இருக்கும். கிளறினால் போதும். ஆனால் மிஞ்சியதைக் கொட்டுகிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் இல்லை. காலையில் அதை முடித்துவிட்டுத்தான் புது மருந்து. அந்த வழக்கத்தை மாற்றத்தான் படம் வந்தது.

அதை மற்ற படங்கள் இருந்த இடத்தில் போட்டு 14 என்று பெயர் வைத்தேன். ராட்டினம் பெயரில் உள்ள எண் வரிசைப்படிதான் படத்தை ஏற்றும். ஒன்று என்று பெயர் வைத்திருந்தால் எல்லாருக்கும் முதல் படமாக வந்திருக்கும். நீல நோட்டு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மெஷினை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பதினேழு நாள் கழித்து அது நடந்தது. காலையில் வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மருந்து அடைக்கும் அறை. நாலு பேரில் இரண்டு பேர் காகிதக் குழாய் எடுக்க வெளியே போயிருந்தார்கள். உள்ளே இருந்தது முத்துமாரியும் அவள் அண்ணன் பெண்டாட்டி செல்வியும். செல்வி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டாள். முத்துமாரி பிழைத்தாள். பேசினைத் திறந்தது அவள்தான்.

'நேத்து மிச்சத்த மொதல்ல முடிங்கன்னு ஃபோர்மேன்தான் சொன்னாரு' என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாளாம். ஃபோர்மேன் நான் சொல்லவே இல்லை என்றார். ஆள் சொல்லுக்கு ஆள் சொல். அப்போதுதான் கம்பெனிக்கு எங்கள் பதிவு ஞாபகம் வந்தது.

அன்றைய காலைப் பதிவை நான்தான் எடுத்தேன். அந்த அறையின் நாலு பெண்கள், நாலு கைரேகை. அதற்கு மேலே பதினான்கு படங்கள். எல்லாப் படத்துக்கும் நேரம் போட்டிருந்தது, விநாடியோடு. பதினான்குக்கும் அதே விநாடி. ஒரே விநாடியில் பதினான்கு படத்தை எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாது என்று, சின்னப் பிள்ளைகூட அந்தத் தாளைப் பார்த்தால் சொல்லிவிடும். உண்மையைத்தான் சொல்லவேண்டும், எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் வாயைத் திறக்க வேண்டாம், தாளே பேசிவிடும்.

தாளை வைரமணி சாரிடம் கொடுத்தேன். முதல் தடவையாக அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் எழுதிய ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"நேரத்துல செகண்டு எதுக்கு? பாக்கவே கசகசன்னு இருக்கு. மணி, நிமிசம் போதும்."

"சார், அத எடுத்துட்டா..."

"பொய் எழுதச் சொல்லலையே நான். இருக்கிறதுல கொஞ்சம் கொறச்சு எழுதச் சொல்றேன். நம்ம சரக்கு சரியில்லன்னு ஊரு பேசுச்சுன்னா நாளைக்கு ஒரு கம்பெனி நம்ம படியேறாது. இங்கன பன்னெண்டு பேரு இருக்கோம். நீங்களே முடிவு பண்ணுங்க."

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அந்த வயதில் விருதுநகர் மாவட்டத்தில் இன்னொரு கம்பெனி என்னைச் சேர்க்காது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, அன்றைக்கு மனதில் ஓடியதைச் சொல்கிறேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நேரம் அச்சாகிற வரியில் விநாடிக்கான இரண்டு எழுத்துகளை அழித்தேன். அவ்வளவுதான். புதுத் தாளில் பதினான்கு படமும் ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம், நாலு கைரேகையும் ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம். பார்க்க ஒழுங்காக, நம்பும்படி இருந்தது. எங்கள் லெட்டர் பேடில், படங்கள் காட்டப்பட்டதும் பதிவாகும்படி இந்தப் புரோகிராம் அமைக்கப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம். கீழே என் கையெழுத்து.

கம்பெனி நடத்திய விசாரணையில் அந்தத் தாளும் கடிதமும் போதுமானதாக இருந்தன. உரிய எச்சரிக்கை காட்டப்பட்டும் வேலையாள் மீறியதால் நடந்தது என்று முடித்தார்கள். கம்பெனி மறுபடி திறந்தது. ஃபோர்மேன் வேலைக்கு வந்தார். ராட்டினமும் சுற்றியது. அடுத்த வாரமே விநாடி எண்ணும் அந்தத் துண்டு புரோகிராமை எழுதி, பதினான்காம் படத்தை முதலாவதாக மாற்றி, யாரிடமும் சொல்லாமல் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் ஆகும் என்று நினைத்தேன். ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது.

மூன்று மாதம் இருக்கும். ஒரு பகல் நேரம் மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. ஒரு பக்கக் காது சுருண்டு போயிருந்தது. வைரமணி சார் வெளியே போயிருந்தார்.

"படம் காட்டுற கம்பெனி இதுதானுங்களா? நான் தாயில்பட்டி முத்துமாரி. எனக்கு அந்தப் படத்த ஒருக்கா காட்டுவீகளா சார்? நான் பாத்தேன் பாத்தேன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கு ஞாபகமே இல்ல."

நாற்காலி போட்டேன். உட்கார மாட்டேன் என்றாள். பதினான்காம் படத்தைத் திறந்து திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"இது எப்ப வரும் சார், மொதல்லயா, கடைசிலயா?"

"அப்போ கடைசில இருந்துச்சும்மா."

"முன்னாடி வார படமெல்லாம் எனக்கு மனப்பாடம் சார். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அந்த நெனப்புல இதக் கவனிக்காம நகந்துட்டேன் போல. கம்பூட்டரு பொய்யா சொல்லும்? மதினி எம் பின்னாடிதான் நின்னாக. நான் பாத்து ஒரு வார்த்த சொல்லிருந்தா..." அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

நான் "ம்" என்றேன்.

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒரு எழுத்துதான். அவள் சுற்றிய கைகளைக் கும்பிடுகிற மாதிரி சேர்த்துக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை நான். கொடுத்தாலும் அவளால் டம்ளரைப் பிடித்திருக்க முடியாது.

அதற்கப்புறம் ஆறு வருடம். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தினார்கள். வைரமணி சார் மைக்கில், 'எந்த முடிவையும் தானே எடுப்பாரு, நான் தலையிட்டதே இல்ல' என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பவித்ராவின் போன் வந்த மூன்றாம் நாள் நீல நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்கு பஸ் ஏறினேன். முத்துமாரி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாலைந்து ஆடு வைத்து மேய்த்துக்கொண்டிருக்கிறாள். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன கையால் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"படம் காட்டுன சார்தான? உள்ள வாங்க, உக்காருங்க."

வாசலிலேயே நின்று சொன்னேன். ராட்டினம், எட்டுப் படம், 14 என்று பெயர் வைத்தது, அழித்த விநாடி, கடிதம், கையெழுத்து எல்லாம். நோட்டில் இரண்டு கோடு போட்ட இடத்தையும் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் படம் எங்களுக்கு வரவே இல்ல."

"வரலம்மா. யாருக்குமே வரல."

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் கையில கட்டோட வந்து கேட்டேன்ல, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் அதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். திட்டு வாங்கிவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் தூங்கலாம் என்று ஒரு கணக்கு. அவள் தழையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை உதறிச் செருகினாள்.

"எங்க அண்ணன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. வாங்க."

"இன்னொரு நாள் வாரேம்மா, பஸ்ஸுக்கு..."

"வாங்க சார்."

முன்னால் நடந்தாள். நடக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "மதினி போனதுல இருந்து அண்ணன் பேசாது. என்னயத் தெருவுல கண்டா அடுத்த சந்துல போயிரும். போன வருசம் அது மகளுக்குச் சடங்கு வச்சாக. கூடப் பெறந்த அத்த நான் ஒருத்திதான். கோயில் பக்கத்துல நின்னு மேளச் சத்தம் கேட்டுட்டு வந்தேன். பளி எம்மேலதான, யாரக் கோவிக்க?"

அண்ணன் கருப்பசாமி லாரியில் லோடு ஏற்றுகிறவர். அன்றைக்கு வீட்டில் இருந்தார். தங்கச்சியை வாசலில் கண்டதும் எழுந்து உள்ளே போகத் திரும்பினார்.

"அண்ணே, நான் உன்ட்டப் பேச வரல. இவரு படம் காட்டுற கம்பெனி சாரு. மதினி விசயமா ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள்.

அவர் நின்றார். சொன்னேன். வாசலிலும் நடுவீட்டிலும் பாதிப் பாதியாக நின்றுகொண்டு சொல்லி முடித்தேன். சுவரில் செல்வியின் படம், காய்ந்த மாலையோடு இருந்தது. அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டித் தெருவில் நின்ற தங்கச்சியைப் பார்த்தார்.

"உள்ள வா தாயி" என்றார்.

"இல்லண்ணே. ஆடு அவுந்து கெடக்கு. இவரக் கொண்டாந்து விடத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அவர் தெருவுக்கு இறங்கி, "மாரி, ஏ மாரி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. திரும்பி வந்த கருப்பசாமி நான் கிளம்பப் பார்த்ததைக் கண்டு, நாற்காலியை இழுத்து வாசலை அடைத்தாற்போலப் போட்டார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு என் எதிரில் உட்காரவைத்தார். பதினாலு பதினைந்து வயதுப் பெண். அம்மா சாயல்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார். "இவ ஆத்தா சாவுக்கு அத்தைதான் காரணம்னு இவளுக்குச் சொல்லி வளத்தவன் நான்."